மின்கார்ப் போட்டியும் இறக்குமதித் தீர்வையும்

மின்கார் நம் காலத்தில் முளைத்த புதுமையன்று. 1900 ஆம் ஆண்டளவில் அமெரிக்க நகர்களில் நீராவி, பெற்றோல், மின்சாரம் ஆகிய மூன்றாலும் இயங்கிய கார்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டன. 1908 இல் போட் நிறுவனம் வெளியிட்ட மலிவான 'ரி' மாதிரிக் காரும், 1912 இல் கடிலாக் கார் பெற்ற மின்தொடக்கியும் பெற்றோலுக்கு வெற்றி தேடித் தந்தன. மின்காரை வீழ்த்தியதில் ஒரு சிறு மின்மோட்டாருக்கும் பங்குண்டு என்பது நகைப்புக்குரியதே. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின் அப்போட்டி மீண்டும் மூண்டது. அதனை ஆராய்வோர் மின்கலத்தின் விலையையும் கம்பனிகளின் திறமையையுமே பெரிதும் பேசுவர். இலங்கையிலோ வெற்றி தோல்வியைத் தீர்மானித்ததில் இறக்குமதித் தீர்வைக்கே முதலிடம் உரியது.

யப்பானின் நிசான் நிறுவனம் 2010 டிசம்பரில் லீஃப் காரைச் சந்தைக்கு விட்டது. தீர்வை குறைவாயிருந்தமையால் 2015 அளவில் அக்கார் இத்தீவில் பெருகிற்று. வந்தவற்றுட் பல யப்பானில் ஏலவே பாவிக்கப்பட்டவை. அதன் மின்கலத்துக்குத் திரவக் குளிரூட்டல் இல்லை. ஆதலின் வெப்ப நாட்டில் அதன் கொள்ளளவு விரைந்து தேய்ந்தது. எனினும் லீஃபின் வரவை முதலில் தடுத்தது இக்குறையன்று. 2016 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் உயர்த்திய வரியே. 2020 மார்ச்சில், அந்நியச் செலாவணியைக் காக்கும் பொருட்டு, வாகன இறக்குமதியே நிறுத்தப்பட்டது.

இதன் விளைவு 2022 இல் புலனாயிற்று. எரிபொருள் அற்றுப்போன அவ்வாண்டில், பெற்றோல் வேண்டாத வண்டியை நாடு வேறெக்காலத்திலும் அவ்வளவு வேண்டியதில்லை. ஆயின் அதனைக் கொணர வழியில்லை. திருகோணமலை மாவட்டத்துக் குறிஞ்சாக்கேணியிலிருந்து நோக்குவார்க்கு இம்முரண் இன்னும் கூர்மையானது. தம்பலகாமக் குடாவுக்கு அப்பால், சீனக்குடாவில், பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. அவற்றைப் பங்கிடும் உடன்படிக்கை 2022 சனவரியிற்றான் கைச்சாத்தாயிற்று. அதே ஆண்டில் நாடெங்கும் மீனவர் மண்ணெண்ணெய்க்கும் முச்சக்கர வண்டிக்காரர் பெற்றோலுக்கும் வரிசையில் நின்றனர்.

2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தபோது களம் மாறியிருந்தது. 1995 இல் சென்சென் நகரில் மின்கல உற்பத்தி நிறுவனமாகத் தோன்றிய சீனத்துப் பி.வை.டி., 2003 இலேயே கார்த் தொழிலில் இறங்கியது. 2023 இன் இறுதிக் காலாண்டில் முழு மின்கார் விற்பனையில் அது அமெரிக்க டெஸ்லாவை முந்தியது. கோபாற்றும் நிக்கலும் வேண்டாத இரும்புப் பொசுபேற்று மின்கலத்தைத் தானே ஆக்குவது அதன் பலம். கொழும்பில் அப்பலம் மட்டும் போதவில்லை. இங்கு மின்காரின் தீர்வை மோட்டாரின் கிலோவாற்று வலுவைக் கொண்டு கணிக்கப்படுகிறது. 2025 இல் பி.வை.டி. கார்கள் சிலவற்றின் மோட்டார் வலு, அறிவிக்கப்பட்டதிலும் கூடியதோ என ஐயுற்ற சுங்கத் திணைக்களம் அவற்றைத் தடுத்து வைத்தது. இறக்குமதியாளர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினர். மோட்டாரின் வலு இன்னதென முடிவாகுமுன்னரே, வங்கி உத்தரவாதத்தின் பேரில் அக்கார்களை விடுவிக்க இணக்கம் காணப்பட்டது.