பழைய பிக்கப், ஜிப்ஸியை பாலைவன ரேஸுக்கு இறக்கலாமா? முதல்ல இன்ஜின்ல கை வைக்காதீங்க!

நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் ஏலம் நடக்கும் நாளில் போய்ப் பாருங்கள். 15, 20 வருஷம் ஓடித் தேய்ந்த பிக்கப் வண்டிகள் மூட்டை ஏற்றிக்கொண்டு வரிசை கட்டி நிற்கும். மண்ரோடு, மேடு பள்ளம், ஓவர்லோடு எல்லாம் பார்த்த வண்டிகள். செல்போனில் டக்கார் ராலி வீடியோவைப் பார்த்துவிட்டு இந்த வண்டிகளைப் பார்க்கும் யாருக்கும், "இதை ராஜஸ்தான் மணல்ல ஓட்டினா என்ன?" என்ற கேள்வி வரத்தான் செய்யும். லாரி பாடி கட்டுவதற்குப் பெயர்போன மாவட்டம் நம்முடையது. வெல்டிங், லேத் வேலைக்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை.

சரி, ஓட்ட முடியுமா? முடியும். ஆனால் பெரும்பாலானவர்கள் வேலையைத் தலைகீழாக ஆரம்பிக்கிறார்கள். முதலில் இன்ஜின் பவரைக் கூட்டுவது, பெரிய டயர் மாட்டுவது, லைட் போடுவது. ஆளைக் காப்பாற்றும் வேலை கடைசிக்குப் போய்விடுகிறது. காசும் அதற்குள் தீர்ந்துவிடுகிறது.

எந்த வண்டி?

இந்தியாவில் இந்தக் கேள்விக்கு ரொம்ப நாளாக ஒரே பதில்தான்: மாருதி ஜிப்ஸி. 1985-ல் வந்த வண்டி. 2000 வாக்கில் 1.3 லிட்டர், 16 வால்வு, 80 குதிரைத்திறன் இன்ஜின் கிடைத்தது. இன்றைய கணக்கில் அது ஒரு சாதாரண ஹேட்ச்பேக் காரின் பவர்தான். ஆனால் வண்டியின் எடை ஒரு டன்னை ஒட்டித்தான். மணலில் பவரைவிட எடைதான் முதல் எதிரி. 2003-ல் தொடங்கிய டெசர்ட் ஸ்டார்ம் ராலியிலும், இமயமலையில் நடந்த ரெய்டு டி ஹிமாலயாவிலும் ஜிப்ஸிகள் ஆண்டுதோறும் வரிசையாக நின்றதற்குக் காரணம் இதுதான். இந்த இரண்டையும் பலமுறை வென்ற மணாலிக்காரர் சுரேஷ் ராணா பெயர் எடுத்ததும் ஜிப்ஸியில்தான். பிறகு கிராண்ட் விட்டாராவுக்கு மாறினார்.

நம்ம ஊர் லோடு பிக்கப் வேறு ரகம். அதன் பின்பக்க லீஃப் ஸ்பிரிங் ஒரு டன்னுக்கு மேல் சுமப்பதற்காகத் தட்டுத்தட்டாக அடுக்கப்பட்டது. காலியாக ஓட்டினால் ஸ்பிரிங் வளையவே வளையாது. சின்ன மேட்டில் ஏறினாலே பின்பக்கம் எகிறும். 80 கிலோமீட்டர் வேகத்தில் மணல்மேட்டில் அப்படி எகிறினால் மூக்கு குத்தி விழ வேண்டியதுதான். அதனால் சில தட்டுகளை எடுத்துவிட்டு, மீதியை வண்டியின் காலி எடைக்கு ஏற்ப செட் பண்ண வேண்டும். இன்னொரு சிக்கல், நம் பக்கம் ஓடும் பெரும்பாலான பிக்கப்புகள் பின்சக்கர இழுவை மட்டும் உள்ளவை. மெக்சிகோவின் பஹா 1000 போட்டியில் அப்படிப்பட்ட வண்டிகளும் ஓடுகின்றன. ஆனால் அவற்றின் சக்கரம் மேலும் கீழும் போகிற தூரம் நம் வண்டிகளைப் போலப் பல மடங்கு. முதல்முறை போகிறவர்களுக்கு ஃபோர் வீல் டிரைவ்தான் நல்லது.

டக்காரில் ஜெயிக்கும் டொயோட்டா ஹைலக்ஸைக் காட்டி, "அதுவும் பிக்கப் தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. 2019, 2022, 2023, 2025 என நான்கு முறை வென்றது உண்மைதான். ஆனால் அது குழாய்ச் சட்டத்தின் மேல் ஹைலக்ஸ் சட்டை போட்ட ரேஸ் வண்டி. ஷோரூம் ஹைலக்ஸுக்கும் அதற்கும் பெயர்ப்பொருத்தம் மட்டும்தான்.

முதல் வேலை: கழுவுவது

சிரிக்காதீர்கள். பாடியைக் கழற்றி, சேஸிஸை கிரீஸ் போகக் கழுவினால்தான் விரிசல் தெரியும். சந்தேகமான இடத்தில் சிவப்புச் சாயம் தெளித்து, துடைத்துவிட்டு, மேலே வெள்ளைப் பவுடர் அடித்துப் பார்க்கும் சோதனை பெரிய பட்டறைகளில் செய்வதுதான். விரிசல் இருந்தால் வெள்ளையில் சிவப்புக் கோடு எழும். ஸ்பிரிங் மாட்டும் இடம், ஸ்டீரிங் பாக்ஸ் மாட்டும் இடம், ஷாக் அப்சார்பர் மேல்முனை ஆகிய மூன்றையும் விடாமல் பாருங்கள். பழைய ஜிப்ஸியில் தரைத்தகடு துருப்பிடித்திருப்பது சகஜம். அதைக் கண்டுபிடிக்காமல் அடுத்த வேலைக்குப் போனால், அந்த வேலையே வீண்.

ரோல் கேஜ்: இங்கேதான் உயிர் இருக்கிறது

வண்டி உருண்டால் கூரை நசுங்காமல் தாங்கும் இரும்புக் கூண்டுதான் ரோல் கேஜ். சர்வதேச மோட்டார் விளையாட்டு அமைப்பான எஃப்.ஐ.ஏ. விதிப்படி, முக்கிய வளைவுக்கு 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. தடிமனும், அல்லது 50 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. தடிமனும் உள்ள குழாய் வேண்டும். அதுவும் நீளவாக்கில் வெல்டிங் தையல் இல்லாத, குளிர்நிலையில் இழுத்த எஃகுக் குழாய். கேட்டுக்கும் பந்தலுக்கும் வாங்கும் ஜி.ஐ. பைப் கூடவே கூடாது. அது தையல் போட்ட குழாய். அடிபட்டால் தையலில் பிளக்கும். பற்றவைக்கும்போது வரும் துத்தநாகப் புகை வெல்டருக்குக் காய்ச்சலையும் கொடுக்கும்.

குழாயின் கால் ஊன்றும் இடத்தில் குறைந்தது 3 மி.மீ. தடிமனில், 120 சதுர செ.மீ. பரப்பில் வலுத்தகடு வைக்க வேண்டும். துருப்பிடித்த தரையில் கூண்டை நட்டால், வண்டி உருளும்போது கால் தரையைக் குத்திக்கொண்டு கீழே இறங்கிவிடும். கூண்டு இருந்தும் இல்லாத கதைதான். மேலே சொன்ன கழுவும் வேலை இதற்காகத்தான்.

நம் பக்கத்து வெல்டர்கள் கைத்திறனில் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. ஆனால் லாரி பாடி கட்டுவதும் கேஜ் கட்டுவதும் ஒன்று இல்லை. லாரி பாடி தினமும் சுமக்க வேண்டும். கேஜ் வாழ்நாளில் ஒரே ஒரு முறை, அரை நொடிக்குத் தாங்க வேண்டும். விதிப்புத்தகத்தின் வரைபடத்தை அச்செடுத்துக் கையில் கொடுத்து வேலை வாங்குங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அழகுக்காக ஜீப்பில் கேஜ் போட்டுக்கொண்டு ஹெல்மெட் இல்லாமல் ஊருக்குள் ஓட்டுகிறார்கள். சாதாரண விபத்தில்கூட தலை போய் மோதுவது அந்த இரும்புக் குழாயில்தான். கேஜ் என்றால் ஹெல்மெட், தோள்பட்டையை இறுக்கும் பெல்ட், அசையாத சீட், குழாயைச் சுற்றி மெத்தை எல்லாம் சேர்ந்த ஒரே செட். ஒன்றை விட்டால் மற்றது ஆபத்து.

மணலுக்கு டயர் பெருசா, காற்று கம்மியா?

காற்று கம்மி. கணக்குப் போட்டே பார்க்கலாம். ஆளும் சாமானும் சேர்த்து வண்டி 1,200 கிலோ என்றால் ஒரு டயர் மேல் 300 கிலோ. காற்று 30 பி.எஸ்.ஐ. இருந்தால் டயர் தரையில் பதியும் பரப்பு சுமார் 140 சதுர செ.மீ., அதாவது விரித்த கை அளவு. 15 பி.எஸ்.ஐ. ஆக்கினால் அது இரண்டு கை அளவு ஆகிவிடும். டயரின் விறைப்பால் நிஜத்தில் கொஞ்சம் மாறும் என்றாலும் விஷயம் இதுதான். வண்டி மணலில் புதையாமல் மேலே மிதக்க இது போதும், காசும் செலவில்லை. ஆனால் அதே அழுத்தத்தில் வேகமாகத் திருப்பினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். தார் ரோட்டுக்கு வந்ததும் திரும்ப ஏற்ற, பேட்டரியில் ஓடும் சின்ன கம்ப்ரஸர் வண்டியிலேயே இருக்க வேண்டும். இரண்டு ஸ்டெப்னி, ஒரு மண்வெட்டி, சக்கரத்தின் அடியில் போடும் பலகை, ஜாக்கி புதையாமல் இருக்க ஒரு கட்டை. மறந்தால் நடுமணலில் நிற்க வேண்டியதுதான்.

சூடும் தூசியும்

மணலில் வண்டி மெதுவாகப் போகும், இன்ஜின் மட்டும் அலறும். எதிர்க்காற்று கிடைக்காது, வெளியே 40 டிகிரி. ரேடியேட்டர் பழசாக இருந்தால் முதல் ஒரு மணி நேரத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். ரேடியேட்டரைப் புதுசாக்குவது, ஃபேனைப் பெரிதாக்குவது, 20 வருஷத்து ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றுவது மூன்றும் இன்ஜின் பவர் வேலைக்கு முன்னால் வரும். கார்புரேட்டர் காலத்து ஜிப்ஸி என்றால், சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி வண்டி நின்றுபோகும் தொல்லையும் உண்டு.

ஏர் ஃபில்டர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதற்கும் இன்ஜினுக்கும் நடுவே இருக்கும் குழாயின் கிளாம்ப் லூஸாக இருந்தால் மணல் நேராக உள்ளே போகும். போனால் பிஸ்டன் ரிங் காலி. காற்று உறிஞ்சும் வாயைக் கூரை உயரத்துக்குக் கொண்டுபோவதும், பாதி நாளில் ஃபில்டரை மாற்றுவதும் இதனால்தான்.

ஷாக் அப்சார்பர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். தொடர்ந்து குதிக்கும்போது உள்ளே இருக்கும் ஆயில் சூடாகி நுரைத்துவிடும். அப்புறம் அது வெறும் குழாய்தான். தனியாக ஆயில் டப்பா வைத்த ரகம் இந்தச் சூட்டைத் தாங்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

நிறைய பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, ஆர்.சி.யில் பதிவான தயாரிப்பாளர் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. 182ஏ(4) பிரிவின்படி, செய்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அரசு அனுமதி இல்லாமல் பொது இடத்தில் ரேஸ் ஓட்டினால் 189-வது பிரிவு தனியாக வரும். எனவே ரேஸுக்கு மாற்றிய வண்டியை இன்னொரு லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். நாமகிரிப்பேட்டையிலிருந்து ஜெய்சல்மேர் 2,000 கிலோமீட்டருக்கு மேல். இந்தப் போக்குவரத்துச் செலவைப் பட்ஜெட்டில் எழுத மறப்பவர்கள்தான் அதிகம்.

இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படியுங்கள். நடத்தப்படும் ரேஸ், வேகச் சோதனை, வாகன உறுதிச் சோதனை ஆகியவற்றில் வண்டி ஓடும்போது வழக்கமான பாலிசி செல்லாது என்று அதிலேயே எழுதியிருக்கும். வண்டி உருண்டால் செலவு முழுக்க உங்கள் கையிலிருந்துதான்.

போட்டியில் பெயர் கொடுக்க, எஃப்.எம்.எஸ்.சி.ஐ. எனப்படும் இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புகளின் கூட்டமைப்பின் உரிமம் வேண்டும். போட்டிக்கு முன் அதிகாரிகள் கேஜ், பெல்ட், தீயணைப்பான், வெளியிலிருந்தே பேட்டரியை அணைக்கும் சுவிட்ச் எல்லாவற்றையும் சோதிப்பார்கள். பெல்ட்டில் காலாவதி தேதி அச்சடித்திருக்கும். பழைய பெல்ட்டை மலிவாக வாங்கிப் போனால் அங்கேயே திருப்பி அனுப்புவார்கள்.

பழகுவது எங்கே?

தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டுச் செம்மணல் வீடியோவில் பாலைவனம் மாதிரியே தெரியும். ஆனால் குதிரைமொழித் தேரி காப்புக்காடு. அங்கே வண்டி இறக்கினால் வனத்துறை வழக்குதான். காவிரி மணலும் கடற்கரையும் அதே கதை. உழுது போட்டுக் காய்ந்து கிடக்கும் சொந்தக் காடு இருந்தால் அது போதும். காற்றைக் குறைத்து, மெதுவாக ஓட்டி, வேண்டுமென்றே புதையவிட்டு, வெளியே எடுத்துப் பழகுங்கள்.

நேரடியாக வேகப் பிரிவில் குதிக்கவும் தேவையில்லை. டி.எஸ்.டி. என்ற பிரிவு இருக்கிறது. கொடுத்த சராசரி வேகத்தில், கொடுத்த நேரத்துக்குச் சரியாக அடுத்த புள்ளியை அடைய வேண்டும். சீக்கிரம் போனாலும் புள்ளி போகும், தாமதமானாலும் போகும். பெரிய மாற்றம் செய்யாத வண்டியிலேயே இதில் கலந்துகொள்ளலாம். டக்காரிலும் பழைய வண்டிகளுக்கென்றே 2021 முதல் நடக்கும் 'டக்கார் கிளாசிக்' இந்த வகைதான். புனேயைச் சேர்ந்த சஞ்சய் தகாலே 2025-ல் பழைய லேண்ட் குரூஸரில் சவூதி மணலைக் கடந்து முடித்தது அந்தப் பிரிவில்தான்.

டி.எஸ்.டி.யில் பக்கத்து சீட்டில் இருக்கும் நேவிகேட்டர்தான் பாதி வேலை செய்பவர். ஓடும் வண்டியில் தலை குனிந்து கணக்குப் போட்டால் வாந்தி வராத நண்பர் யார் என்று இப்போதே பார்த்து வையுங்கள். ரேடியேட்டர் அப்புறம்கூட வாங்கிக்கொள்ளலாம்.