சிங்கப்பூர் ரேடியோவும் போலீஸ் மைக்கும்

சென்ற பதிவில் ரேடியோ லைசென்ஸ் பற்றி எழுதியிருந்தேன். தபால் நிலையத்தில் ஆண்டுதோறும் பணம் கட்டி, லைசென்ஸ் புத்தகத்தில் வில்லை ஒட்டி, முத்திரை வாங்கிய காலம் நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். எண்பதுகளின் நடுவில் அது ஒழிந்தது. அதே சமயத்தில்தான் ஜமுனாமரத்தூரில் ஆசிரியராக இருந்த என் கைக்குச் சிங்கப்பூர் ரேடியோ ஒன்று வந்தது. அங்கே வேலை பார்த்த மைத்துனர் கொண்டுவந்து கொடுத்தது.

அதன் முகப்பில் ஏ.எம்., எஃப்.எம். தவிர டி.வி., ஏர், பி.எஸ்.பி. என்றெல்லாம் போட்டிருந்தது. பர்மா பஜாரில் ரேடியோ வாங்கியவர்களும் இந்த எழுத்துகளைப் பார்த்திருப்பீர்கள். பி.எஸ்.பி. என்றால் பொதுச்சேவை அலைவரிசை. ஏறக்குறைய 145 முதல் 175 மெகாஹெர்ட்ஸ் வரை. நம் போலீஸ் வயர்லெஸ்ஸும் அந்த வட்டாரத்தில்தான் பேசிக்கொண்டிருந்தது. ஒரு நாள் முள்ளைத் திருப்பும்போது, "கண்ட்ரோல், கண்ட்ரோல்" என்று ஒரு குரல். பயந்து போய் அணைத்துவிட்டேன். பத்து நிமிடம் கழித்து, சத்தத்தைக் குறைத்து மறுபடி வைத்தேன்.

அமெரிக்காவில் இது பெரிய பொழுதுபோக்கு. 1928-ல் டெட்ராய்ட் நகரப் போலீஸ் ரோந்துக் கார்களுக்கு ரேடியோவில் செய்தி சொல்லத் தொடங்கியது. கார்களால் கேட்க மட்டும்தான் முடியும், பதில் பேச முடியாது. முப்பதுகளில் வந்த வீட்டு ரேடியோக்களின் முகப்பிலேயே 'போலீஸ்' என்று ஓரிடம் குறித்திருப்பார்கள். பிறகு 'ஸ்கேனர்' வந்தது. அது ஒவ்வொரு அலைவரிசையாகத் தானே சுற்றிவந்து, பேச்சு கேட்கும் இடத்தில் நின்றுகொள்ளும். போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எல்லாவற்றையும் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடி கேட்பார்கள்.

நம் நாட்டில் அப்படியில்லை. 1885-ம் ஆண்டின் தந்திச் சட்டம், 1933-ம் ஆண்டின் வயர்லெஸ் சட்டம் இரண்டும் வெள்ளைக்காரன் போட்டவை. உரிமம் இல்லாமல் வயர்லெஸ் கருவி வைத்திருப்பதே குற்றம். 1978-ம் ஆண்டு ஹாம் ரேடியோ விதிகளில், பேசாமல் கேட்க மட்டும் செய்பவருக்கும் தனி உரிமம் இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நானோ அரசு ஊழியன்.

ஆனாலும் கேட்டேன். மலை அதற்குத் தோதான இடம். இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகக்கூடியவை. உயரம் கூடினால் எட்டும் தூரமும் கூடும். சமவெளியைவிட 700 மீட்டர் உயரத்தில், மறைப்பில்லாத மேட்டில் நின்றால் நூறு கிலோமீட்டர்கூட எட்டும். அன்றைக்கு நாங்கள் வட ஆற்காடு மாவட்டம். பள்ளிக்குப் பின்னால் உள்ள மேட்டில் ஏறினால் கீழே இருக்கும் ஊர்களெல்லாம் பேசும்.

1986 ஜனவரி 6-ம் தேதி நம் மலையின் காவலூர் வானாய்வகத்துக்கு வேணு பாப்பு பெயரைச் சூட்டப் பிரதமர் ராஜீவ் காந்தி வந்தார். அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி நம் நாட்டிலேயே செய்தது. அன்றைக்குக் காலையிலிருந்தே என் ரேடியோவில் முள் வைத்த இடமெல்லாம் குரல்கள். அவற்றைக் கேட்க எனக்குத் துணிவில்லை. அணைத்து டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டேன். வந்தவரும் உரிமம் பெற்ற ஹாம் ரேடியோக்காரர், வி.யூ.2 ஆர்.ஜி. என்பது அவருடைய அழைப்புக்குறி என்பதைப் பின்னால்தான் படித்தேன்.

அடுத்த ஐப்பசியில் ஒரு மழை இரவு. போளூரிலிருந்து மேலே வரும் கடைசி பஸ் வரவில்லை. மின்சாரம் இல்லை, அக்கம்பக்கத்தில் போனும் கிடையாது. சாமை மூட்டை விற்கப் போன மகனைக் காணோம் என்று பக்கத்து வீட்டுப் பாட்டி என் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டார். "வாத்தியாரே, வண்டி பள்ளத்துல போயிருக்குமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நான் உள்ளே போய், ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து வந்தது செய்தி: மலைப்பாதையில் மரம் விழுந்து பஸ் நிற்கிறது, ஆட்களுக்குச் சேதம் இல்லை.

சொல்வதா, வேண்டாமா? சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். சொல்லாவிட்டால் அந்த அம்மாள் விடியும்வரை அழுதுகொண்டிருப்பார்.

"மரம் விழுந்து வண்டி நிக்குதாம் பாட்டி. யாருக்கும் ஒண்ணும் ஆகல."

"யாரு சொன்னா?"

"வழியில வந்தவங்க சொன்னாங்க" என்றேன். அந்த மழையில் யார் வந்திருப்பார்கள்? பாட்டி என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார்.

மகன் காலையில் நடந்தே வந்து சேர்ந்தான். இரண்டு நாள் கழித்து டீக்கடையில் ஒரு காவலர், "வாத்தியாருக்கு எங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சுடுதாமே" என்று சிரித்தார். எனக்கு டீ இறங்கவில்லை. அவர் வேறொன்றும் கேட்கவில்லை. காசையும் அவரே கொடுத்துவிட்டுப் போனார். ஆறு மாதம் ரேடியோ பழைய வேட்டியில் சுற்றிக் கிடந்தது. பிறகு எடுத்தபோதும் பி.எஸ்.பி. பக்கம் போகவில்லை.

போன மாதம் பேரன் அதற்குப் பேட்டரி போட்டான். எஃப்.எம். பாடியது. பி.எஸ்.பி.யில் வெறும் இரைச்சல். அவன் தன் போனை எடுத்து, அமெரிக்காவில் ஏதோ ஓர் ஊரின் தீயணைப்புக்காரர்கள் அந்த நிமிடம் பேசுவதைப் போட்டுக் காட்டினான்.

"இதைக் கேட்டா தப்பில்லையாடா?" என்றேன்.

"அங்க தப்பில்ல தாத்தா" என்றான்.