பெயர்ப்பலகை இல்லாத ஊரும் 580 தண்ணீர் மீட்டர்களும்

இன்றைய எபிசோடில் ஒரு குட்டி ஊரைப் பற்றிப் பேசலாம். கலிஃபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் வடக்கே, கடலோரத்தில் இருக்கிற பொலினாஸ். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1,500 பேர்கூடத் தேறவில்லை. நம்ம ஊரில் ஒரு பெரிய அபார்ட்மென்ட் வளாகத்திலேயே இதைவிட அதிகம் பேர் இருப்பார்கள்.

இந்த ஊருக்கு ஒரு விசேஷம். நெடுஞ்சாலையில் "பொலினாஸுக்கு இப்படித் திரும்பவும்" என்று ஒரு பலகை கிடையாது. அரசு பலகை வைக்க வைக்க, ஊர்க்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாகப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள். கடைசியில் 1989-ல், பலகை வேண்டுமா வேண்டாமா என்று ஊரிடமே ஓட்டு கேட்டார்கள். வேண்டாம் என்றுதான் பதில் வந்தது.

பொலினாஸ் என்றாலே எல்லோரும் இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். ஆனால் இந்த ஊரின் தலையெழுத்தை மாற்றியது தண்ணீர் மீட்டர்தான். நான் இன்றைக்குப் பேச நினைப்பது அதைப் பற்றித்தான். ஒரு ஊரில் எத்தனை பேர் வாழலாம் என்று யார் முடிவு செய்வது? சரி, முடிவு செய்தாகிவிட்டது, அந்தக் கொஞ்சம் பேர் யார்? இந்த இரண்டு கேள்விகளும் பொலினாஸில் மோதிக்கொண்டன.

பேப்பர் வாங்கினால் பிளாட்

19-ம் நூற்றாண்டிலேயே சான் பிரான்சிஸ்கோக்காரர்கள் கோடை விடுமுறைக்கு இங்கே வர ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு பக்கம் பசிபிக் கடல், இன்னொரு பக்கம் ஒரு காயல். பழவேற்காடு ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள், அதைவிட ரொம்பச் சின்னது. பறவைகள் வரும், சீல்கள் வந்து மணலில் படுத்துக் கிடக்கும்.

1927-ல் ஒரு ரியல் எஸ்டேட் கூத்து நடந்தது. கடலை ஒட்டிய மேட்டுநிலத்தை 20-க்கு 100 அடி என்று ஆயிரக்கணக்கான துண்டுகளாகப் போட்டார்கள். ஒரு துண்டு 2,000 சதுர அடி, அதாவது நம்ம ஒரு கிரவுண்டைவிடக் கொஞ்சம் கம்மி. விலை 69.50 டாலர். கூடவே சான் பிரான்சிஸ்கோ புல்லட்டின் பத்திரிகைக்குச் சந்தா கட்ட வேண்டும். பேப்பர் விற்க பிளாட்டா, பிளாட் விற்க பேப்பரா என்று சொல்வது கஷ்டம்! வாங்கியவர்களில் பலர் அங்கே வீடே கட்டவில்லை. ஆனால் வரைபடத்தில் அந்தக் கட்டங்கள் அப்படியே இருந்தன. என்றைக்காவது எல்லோரும் ஒரே நேரத்தில் கட்ட ஆரம்பித்தால்?

1960-களில் அந்தப் பயம் நிஜமாகிற மாதிரி இருந்தது. மேற்கு மரின் பகுதி முழுவதையும் நகரமாக்க கவுண்டி நிர்வாகம் திட்டம் போட்டது. கடலோரத்துக்கு அகலமான நெடுஞ்சாலை, லட்சத்துக்கும் மேல் மக்கள் என்று கணக்கு. பொலினாஸிலோ ஊர்ச் சாக்கடை சுத்திகரிக்கப்படாமல் காயலின் முகத்துவாரத்தில் கலந்துகொண்டிருந்தது. அதற்குத் தீர்வாக வந்த திட்டம், ஊரின் அப்போதைய மக்கள்தொகையைவிடப் பல மடங்கு பேருக்கான பிரம்மாண்டமான கழிவுநீர் நிலையம். அவ்வளவு பெரிய குழாய் போட்டால், அதை நிரப்ப ஆட்கள் வந்துதானே ஆக வேண்டும்?

எண்ணெய் வந்த வாரம்

1971 ஜனவரி 18. கோல்டன் கேட் பாலத்துக்குக் கீழே, பனிமூட்டத்தில், ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தின் இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. சுமார் 8 லட்சம் கேலன் எண்ணெய் கடலில் கொட்டியது. நம் கணக்கில் சுமார் 30 லட்சம் லிட்டர். நீரோட்டம் அதை வடக்கே பொலினாஸ் பக்கம் தள்ளியது.

நகரத்திலிருந்து இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். ஊர்க்காரர்களோடு சேர்ந்து, மரக்கட்டைகளையும் வைக்கோலையும் வைத்துக் காயலின் வாயில் ஒரு தடுப்பு கட்டினார்கள். கரையோரம் ஆயிரக்கணக்கில் பறவைகள் செத்தன. ஆனால் காயல் பெரும்பாலும் தப்பித்தது. வந்தவர்களில் சிலர் திரும்பிப் போகவே இல்லை.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. பொலினாஸுக்கு நகராட்சி கிடையாது, மேயர் கிடையாது. தண்ணீரையும் கழிவுநீரையும் பார்த்துக்கொள்ள, தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்து பேர் கொண்ட ஒரு வாரியம் மட்டும் இருந்தது. யாரும் சீண்டாத பதவி. கவிஞர்கள், தச்சர்கள், ஹிப்பிகள் என்று கலவையான ஒரு கூட்டம் யோசித்தது: ஊரில் நமக்கென்று இருக்கிற ஒரே அதிகாரம் இதுதானே? அந்த வாரியத்தைப் பிடித்தார்கள். பெரிய கழிவுநீர் நிலையத்தை நிறுத்தினார்கள். அதற்குப் பதில் மேட்டுநிலத்தில் குளங்கள் வெட்டி, கழிவுநீரை அங்கேயே சுத்தம் செய்து, வயல்வெளியில் தெளிக்கிற ஒரு எளிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். காயலுக்குச் சாக்கடை போவது நின்றது.

1971 நவம்பரில் இன்னொரு தீர்மானம்: புதிதாகத் தண்ணீர் இணைப்பு கிடையாது. இருப்பவை சுமார் 580 மீட்டர்கள், அவ்வளவுதான். இது ஒரு தற்காலிகத் தடை. அந்தத் தற்காலிகம் 50 வருஷத்தைத் தாண்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இது வெறும் சாக்கு என்று நினைக்காதீர்கள். ஊருக்குத் தண்ணீர் முக்கியமாக ஒரு சின்ன ஓடையிலிருந்துதான் வருகிறது. 2021 வறட்சியில், புதிதாக ஒரு இணைப்புகூடக் கொடுக்காமலேயே, கட்டாய ரேஷன் வரலாம் என்று எச்சரிக்கும் நிலைக்குப் போனார்கள். பிளாட் வாங்கி வைத்திருந்தவர்கள் நீதிமன்றம் போனார்கள், வருஷக்கணக்கில் வழக்கு நடந்தது. தடை நின்றுவிட்டது.

பூட்டிய குழாயின் விலை

இங்கேதான் கதை திரும்புகிறது. மீட்டர் என்பது வீட்டோடு போகிற சொத்து. வீட்டை விற்றால் மீட்டரும் புது முதலாளிக்குப் போகும். 580 மீட்டர் என்றால், சில நூறு வீடுகள். பக்கத்திலேயே சான் பிரான்சிஸ்கோ, அங்கே குவிகிற பணம். மலையும் கடலும் அப்படியே காப்பாற்றப்பட்ட ஊர். விலை எங்கே போகும்? 2005-ல் ஒரே ஒரு தண்ணீர் மீட்டர் ஏலத்தில் 3,10,000 டாலருக்குப் போனது. வீட்டைச் சொல்லவில்லை, மீட்டரை மட்டும் சொல்கிறேன்.

வாரியத்தால் எத்தனை வீடு என்று சொல்ல முடிந்தது. யாருடைய வீடு என்று சொல்ல முடியவில்லை. வார இறுதிக்கு மட்டும் வருகிறவர்கள் வாங்கினார்கள். பல வீடுகள் சுற்றுலாக்காரர்களுக்கான நாள் வாடகைக்குப் போயின. ஊருக்குள் யாரும் வரக்கூடாது என்று பலகையைப் பிடுங்கிய தலைமுறையின் பிள்ளைகள், அதே ஊரில் வாடகைக்கு ஒரு அறை கிடைக்காமல் வெளியேறினார்கள். ஓட்டலில் சமைப்பவர்கள், பண்ணையில் வேலை செய்பவர்கள், பள்ளியில் பாடம் சொல்பவர்கள், இவர்களுக்கெல்லாம் இடம் எங்கே?

இரண்டாவது வேலை

ஊரில் சிலர் இதைச் சீக்கிரமே கவனித்தார்கள். 1980-களிலேயே பொலினாஸ் சமூக நில அறக்கட்டளை தொடங்கியது. யோசனை எளிமையானது: நிலத்தையும் கட்டடத்தையும் ஊரின் பெயரில் வாங்கிவிட வேண்டும். அதன்பின் அது சந்தைக்குத் திரும்பாது. அங்கே வேலை செய்து வாழ்கிறவர்களுக்குத் தாங்குகிற வாடகைக்குக் கொடுக்கலாம். ஊரின் ஒரே பெட்ரோல் பங்க்கையும் இந்த அறக்கட்டளையே வாங்கியது.

2020-களின் தொடக்கத்தில் ஒரு பண்ணை நிலம் வெளிச்சத்துக்கு வந்தது. அங்கே பல லத்தீனோ குடும்பங்கள், ஒழுங்கான கழிவுநீர் வசதிகூட இல்லாத பழைய டிரெய்லர்களில் வாழ்ந்துகொண்டிருந்தன. ஊரின் வேலைகளைச் செய்தவர்கள் இவர்கள்தான். அறக்கட்டளை அந்த நிலத்தை வாங்கி, முதலில் பாதுகாப்பான தற்காலிக இருப்பிடம், பிறகு நிரந்தர வீடுகள் என்று வேலையைத் தொடங்கியது. ஒரு பக்கம் வரவேற்பு. இன்னொரு பக்கம் எதிர்ப்பு: தண்ணீர் போதுமா, கழிவுநீர் எங்கே போகும்? 1971-ல் பெரிய கம்பெனிகளையும் கவுண்டியையும் நோக்கிக் கேட்ட அதே கேள்விகள், இப்போது ஊரின் ஏழைகளை நோக்கித் திரும்பின. 2022-ல் கவுண்டி நிர்வாகமும் இறங்கி வந்து, மேற்கு மரினில் புதிய நாள் வாடகை உரிமங்களைச் சில காலம் நிறுத்தி வைத்தது.

பொலினாஸைக் கிண்டல் செய்வது சுலபம், கொண்டாடுவதும் சுலபம். என் கணக்கில் 1971-ல் அவர்கள் செய்தது சரியான காரியம். அந்தக் காயல் இன்றைக்கு உயிரோடு இருப்பதே சாட்சி. ஆனால் அது பாதி வேலை. கூட்டம் வேண்டாம் என்று கதவைச் சாத்துகிற எந்தச் சுற்றுலா ஊரும், அதே நாளில் உள்ளே இருப்பவர்களில் சம்பளத்தில் வாழ்கிறவர்களுக்கு ஒரு அறையை எழுதி வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சாத்திய கதவின் சாவி பணம் இருப்பவர் கைக்குப் போய்விடும். பொலினாஸில் அந்த இடைவெளி சுமார் பத்து வருஷம். அதற்குள் விலை ஏற ஆரம்பித்துவிட்டது. அறக்கட்டளை இன்றுவரை அந்த விலையைத்தான் துரத்திக்கொண்டிருக்கிறது.

உங்களுக்குத் தெரிந்த மலையூரிலோ கடலூரிலோ அடுத்த முறை கட்டுப்பாடு என்று ஒரு செய்தி வந்தால், எத்தனை பேர் என்பதோடு நிறுத்தாமல், யார் என்றும் கேட்டுப்பாருங்கள். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.