கொழுப்பு அமிலமும் எதிர்ப்பொருளும்: நீரிழிவு ஆய்வில் பிரிக்கக் கூடாத இணை

ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் உடலின் பெரும்பாலான செல்கள் அது உள்ளே நுழைவதைக் குறைத்துக்கொள்ளும். விழித்திரை, சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் சில செல்களுக்கு அந்தத் திறன் இல்லை. வெளியே ஏறுவதெல்லாம் உள்ளேயும் ஏறுகிறது. நீரிழிவின் சிக்கல்கள் இம்மூன்று இடங்களைக் குறிவைப்பதன் காரணத்தை மைக்கேல் பிரௌன்லீ 2001-இல் 'நேச்சர்' இதழில் தொகுத்து விளக்கினார். மிகுதியான குளுக்கோஸை எரிக்கும் மைட்டோகாண்ட்ரியா சூப்பர்ஆக்சைடை அளவுக்கு மீறி வெளியிடுகிறது. அதனால் குளுக்கோஸ் சிதைவுப் பாதையின் ஒரு நொதி முடங்குகிறது. தேங்கிய இடைப்பொருள்கள் செல்லைக் கெடுக்கும் நான்கு வேதிப்பாதைகளில் திரும்பிவிடுகின்றன. ஆக்சிஜனேற்ற நெருக்கடி என்பது இதுதான்.

நோய்க்கு ஆக்சிஜனேற்றம் காரணம் என்றால், அதைத் தடுக்கும் எதிர்ப்பொருளை (ஆன்டிஆக்சிடன்ட்) மாத்திரையாகக் கொடுத்தால் தீருமே என்ற எண்ணம் இயல்பாக எழுந்தது. அது பலிக்கவில்லை. இதயநோய் ஆபத்துள்ள 9,541 பேரிடம் நடந்த 'ஹோப்' ஆய்வில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் நீரிழிவாளர்கள். சுமார் நாலரை ஆண்டுகள் தினமும் 400 அலகு வைட்டமின் ஈ உட்கொண்டும் மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை என்பது 2000-இல் வெளியான முடிவு. அதன் தொடர் ஆய்வில் இதயச் செயலிழப்பு கூடியிருந்தது.

இந்தத் தோல்விக்குச் சாத்தியமான காரணம் ஒன்று 2009-இல் ஜெர்மனியிலிருந்து வந்தது. மைக்கேல் ரிஸ்டோவின் குழு ஆரோக்கியமான இளைஞர்களை நான்கு வாரம் உடற்பயிற்சி செய்யவைத்து, அவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் வைட்டமின் சி, ஈ மாத்திரைகளைக் கொடுத்தது. மாத்திரை சாப்பிடாதவர்களுக்கு இன்சுலின் உணர்திறன் கூடியது. சாப்பிட்டவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. பயிற்சியின்போது தசையில் எழும் வினைமிகு ஆக்சிஜன் மூலக்கூறுகள்தாம் உடலின் சொந்தப் பாதுகாப்பைத் தூண்டுகின்றன. மாத்திரை அந்தத் தூண்டுதலையே அணைத்துவிடுகிறது. நடைப்பயிற்சியை மருந்தாக எழுதித்தரும் நோயில் இது சிறிய செய்தியல்ல.

ஒரு பொருளை மட்டும் தனியே பிரித்துப் பார்க்கும் இதே போக்கு கொழுப்பு அமிலங்களைப் பற்றிய விவாதத்திலும் இருந்தது. செல்சவ்வின் கொழுப்பில் இரட்டைப் பிணைப்புகள் கூடக்கூட ஆக்சிஜனேற்றத்துக்கு அது எளிதாக இரையாகும். ஒலீயிக் அமிலத்தில் ஒரு பிணைப்பு, லினோலீயிக்கில் இரண்டு, மீன் எண்ணெயின் டிஎச்ஏ-வில் ஆறு. ஒரு மூலக்கூறு தாக்கப்பட்டால் அது பக்கத்திலிருப்பதைத் தாக்கும். இந்தச் சங்கிலியை இடையில் அறுப்பது வைட்டமின் ஈ. அப்படி அறுத்து ஓய்ந்ததை மீண்டும் செயலுக்குக் கொண்டுவருவது வைட்டமின் சி. ஆகவே நிறைவுறாக் கொழுப்பு எவ்வளவு என்று மட்டும் கேட்பது பாதிக் கேள்விதான். எவற்றோடு சேர்ந்து வருகிறது என்பது மறுபாதி.

2018-இன் 'அசெண்ட்' ஆய்வு பாதிக் கேள்வியை மட்டும் கேட்டது. 15,480 நீரிழிவாளர்களில் ஒரு பாதியினர் தினமும் 1 கிராம் ஒமேகா-3 மாத்திரையும், மறுபாதியினர் ஆலிவ் எண்ணெய் மாத்திரையும் சராசரியாக ஏழாண்டுக்கு மேல் உட்கொண்டனர். இதயநோய், பக்கவாதம் ஆகியவற்றில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

முழுக் கேள்வியைக் கேட்டவர்கள் ஸ்பெயின்காரர்கள். 'பிரெடிமெட்' ஆய்வின் 7,447 பேரில் ஏறக்குறையப் பாதிப்பேர் நீரிழிவாளர்கள். ஒரு பிரிவினருக்கு வீட்டுக்கு வாரம் ஒரு லிட்டர் எக்ஸ்ட்ரா வெர்ஜின் ஆலிவ் எண்ணெய். இன்னொரு பிரிவினருக்கு நாளுக்கு 30 கிராம் வால்நட், பாதாம், ஹேசல்நட். இரு பிரிவிலும் பெரும் இதயநோய் நிகழ்வுகள் ஒப்பீட்டுப் பிரிவைவிடச் சுமார் 30 விழுக்காடு குறைந்தன. பங்கேற்பாளர்களைப் பிரித்ததில் குறை கண்டு 2013-இன் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது; 2018-இல் மறுபகுப்பாய்வோடு வந்த முடிவு பெரிதும் மாறவில்லை.

பலன் ஒலீயிக் அமிலத்தாலா, எண்ணெயிலுள்ள பாலிஃபீனால் என்னும் எதிர்ப்பொருள்களாலா? 2006-இன் 'யூரோலிவ்' ஆய்வு இதை நேர்த்தியாகப் பிரித்துக் காட்டியது. ஆரோக்கியமான 200 ஆண்களுக்கு நாளுக்கு 25 மி.லி. வீதம் மூவகை ஆலிவ் எண்ணெய் தரப்பட்டது. மூன்றிலும் கொழுப்பு ஏறக்குறைய ஒன்றுதான், பாலிஃபீனால் மட்டும் கிலோவுக்கு 2.7, 164, 366 மில்லிகிராம். பாலிஃபீனால் ஏற ஏற, ஆக்சிஜனேற்றமடைந்த எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) இறங்கியது. அவர்கள் நீரிழிவாளர்கள் அல்லர் என்பதை மறக்கக் கூடாது. ஆனால் பொறிமுறையைப் பொறுத்தவரை இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

தமிழ்நாட்டுக்கு ஆலிவ் எண்ணெயைப் பரிந்துரைப்பது வீண்செலவு. நல்லெண்ணெயில் ஒலீயிக்கும் லினோலீயிக்கும் ஏறக்குறைய சம அளவில் இருக்கின்றன. கூடவே செசமின், செசமோலின் என்னும் லிக்னான்கள். சூடேறும்போது செசமோலின் சிதைந்து செசமோல் என்ற வலிய எதிர்ப்பொருளாக மாறுகிறது. நல்லெண்ணெய் எளிதில் சிக்கு வாடை அடிக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

நல்ல எண்ணெயும் சட்டியில் கெடும். காலையில் காய்ச்சிய எண்ணெயிலேயே மாலை பஜ்ஜியும் போட்டு, குறைந்தால் மேலே புதிது ஊற்றும்போது லினோலீயிக் அமிலம் உடைந்து 4-ஹைட்ராக்சிநோனெனால் உண்டாகிறது; அது உடலின் புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும் நச்சு. பொரித்த எண்ணெயில், அது கெட்டதைக் காட்டும் மொத்த முனைவுச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்ற இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2018 ஜூலையிலிருந்து நடைமுறையில் உள்ளது.

2023-இல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு தமிழ்நாட்டு வயதுவந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்கிறது. இவர்களுக்காக இன்னொரு வைட்டமின் மாத்திரையைச் சோதிப்பதைவிட, 'யூரோலிவ்' மாதிரியிலேயே லிக்னான் நிறைந்த நல்லெண்ணெயையும் லிக்னான் நீக்கிய நல்லெண்ணெயையும் நீரிழிவாளர்களிடம் ஒப்பிடும் ஆய்வு கூடுதல் பயன் தரும். கொழுப்பின் அளவு இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். அளக்க வேண்டியது ஆக்சிஜனேற்றமடைந்த எல்டிஎல்லும் இன்சுலின் உணர்திறனும்.