மணல் காத்த கொடி

ஒரு பயிரின் வரலாறு அது வேரூன்றிய மண்ணின் வரலாறே ஆகும். போர்த்துக்கல் நாட்டில், லிஸ்பன் மாநகருக்கு மேற்கே, சிந்த்ரா மலைக்கும் அட்லாண்டிக் பெருங்கடலுக்கும் இடையே அமைந்த கொலாரெஸ் என்னும் ஊரில் விளையும் ராமிஸ்கோ என்ற அரிய கருந்திராட்சை இதற்குச் சான்றாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வட அமெரிக்காவிலிருந்து வந்த ஃபைலாக்செரா என்னும் நுண்பூச்சி ஐரோப்பியத் திராட்சைக் கொடிகளின் வேர்களைத் தாக்கி அழித்தது. அமெரிக்கக் கொடியின் வேரில் தங்கள் கொடியை ஒட்டுக்கட்டியே பெரும்பாலான உழவர் மீண்டனர். கொலாரெசின் கடற்கரை மணலிலோ அப்பூச்சி ஊர்ந்து பரவ இயலவில்லை. ஆகவே, ராமிஸ்கோ இன்றும் தன் சொந்த வேரிலேயே நிற்கின்றது.

இக்காவல் எளிதில் கிட்டியதன்று. மணலுக்கு அடியிலுள்ள களிமண்ணில் கொடியை ஊன்ற ஆழ்ந்த குழி தோண்ட வேண்டும். மணல் சரிந்து மூடினால் மூச்சுவிட இடமிருக்க வேண்டுமென்று, தொழிலாளர் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தோண்டினர். கடற்காற்றைத் தடுக்க நாணல் வேலிகளை அமைத்தனர். தரையில் படரும் கொடியின் கனிகள் சுடுமணலில் வெந்து போகாவண்ணம் சிறு கழிகளால் முட்டுக்கொடுத்தனர்.

இக்கனியின் செம்மது நிறத்தில் மென்மையானது. சாராயச் செறிவும் குறைந்தது. எனினும், இளமையில் துவர்ப்பு மிகும். ஆண்டுகள் பல கழிந்த பின்னரே கனியும். ஆதலால், தேர்ந்தெடுப்போர் மணல் நிலத்தில் விளைந்ததா என்பதையும், எந்த ஆண்டின் விளைச்சல் என்பதையும் நோக்க வேண்டும். பழைய புட்டியை முதல்நாளே நிமிர்த்தி வைத்து, வண்டல் படிந்தபின் மெல்ல வேறு கலத்தில் வடிப்பர். ஏறத்தாழ 16 பாகை செல்சியஸ் குளிர்ச்சியில், வாட்டிய ஆட்டிறைச்சியுடனோ முதிர்ந்த பாற்கட்டியுடனோ பரிமாறுவர். நம் நாட்டு வெப்பத்தில் அப்படியே வைத்துப் பரிமாறினால் அதன் நயம் கெடும்.

1908ஆம் ஆண்டில் கொலாரெஸ் தனி மது வட்டாரமாக வரையறுக்கப்பெற்றது. 1931இல் உழவர் கூட்டுறவுக் கூடம் தோன்றியது. ஆயினும், பின்னாளில் லிஸ்பன் நகரத்தார் கடலோரத்தில் மாளிகைகள் எழுப்ப முற்பட்டபோது, மணல் நிலத்தின் விலை மதுவின் விலையை விஞ்சியது. விரிந்து பரந்த தோட்டங்கள் சில பத்து எக்டராகச் சுருங்கின. பூச்சியிடமிருந்து கொடியைக் காத்த மணல், மனிதனிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள இயலவில்லை. எஞ்சிய கொடிகளை இன்றும் பேணும் சில உழவரே அவ்வரலாற்றின் கடைசிக் காவலர் ஆவர்.