குரல் செல்லும் கம்பி

ஒலிப்பதிவு என்பது ஒரு காலத்தில் வானொலி நிலையங்களும் இசைத்தட்டுக் கம்பெனிகளும் திரைப்பட நிலையங்களும் மட்டுமே மேற்கொண்ட தொழிலாக இருந்தது. இன்று நாம் வீட்டின் ஓர் அறையிலேயே அதனைச் செய்துவிடுகிறோம். பாட்டியின் தாலாட்டையும், ஊரிலுள்ள முதிய கூத்துக் கலைஞரின் பாடலையும் பதிந்து வைக்கும் நற்பழக்கம் பெருகி வருகிறது. ஆயினும் ஒலிவாங்கியைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் அக்கறையில் பத்தில் ஒரு பங்கையேனும் அதிலிருந்து புறப்படும் கம்பியிடத்து நாம் காட்டுவதில்லை. கம்பி எட்டவில்லையெனில், கைக்குக் கிடைத்த வயரை முறுக்கி ஒட்டுப்போட்டு நீட்டுகிறோம். பின்னர் போட்டுக் கேட்டால், குரலுக்குப் பின்னே ஓயாத உறுமல் ஒன்று கேட்கிறது. மறுமுறை பாடுவதற்கு அந்த முதியவர் நம்மிடையே இருப்பார் என்பது என்ன நிச்சயம்?

இந்த உறுமலோடு மனிதன் நடத்திய போராட்டம் தொலைபேசியின் தொடக்க நாட்களிலிருந்தே வருவது. தந்திக்கு ஒரே கம்பி போதுமானதாக இருந்தது. மின்னோட்டம் திரும்பி வரும் வழியாகப் பூமியே பயன்பட்டது. 1876இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றபின், அக்கருவியும் அவ்வழியையே பின்பற்றியது. ஆனால் தந்தியின் தட்டொலி வலியது. மனிதக் குரலால் எழும் மின்னோட்டமோ மிக மெலியது. அண்டையில் ஓடிய தந்திக் கம்பியின் ஓசையெல்லாம் பேச்சிற் கலந்தது. அமெரிக்க நகரங்களில் மின்சார டிராம் வண்டிகள் ஓடத் தொடங்கியதும் தொல்லை பன்மடங்காயிற்று.

இதற்கு மருந்தைப் பெல்லே கண்டிருந்தார். பூமியை விடுத்து இரண்டு கம்பிகளைப் பயன்படுத்துவதும், அவற்றை ஒன்றோடொன்று முறுக்கி அமைப்பதுமே அவர் 1881இல் காப்புரிமை பெற்ற முறையாகும். அதற்கடுத்த ஆண்டு, 1882 ஜனவரி 28ஆம் நாள், கல்கத்தாவில் தொலைபேசி நிலையம் திறக்கப்பெற்றது.

முறுக்குவதால் விளையும் நன்மை யாது? தராசு ஒன்றை எண்ணிப் பார்ப்போம். இரு தட்டுகளிலும் ஒரே எடையை வைத்தால் முள் அசைவதில்லை. அவ்வாறே, வெளியிலிருந்து வரும் இரைச்சல் முறுக்கிய இரு கம்பிகளிலும் ஒரே அளவில் விழுகிறது. குரலோ இரண்டிலும் எதிரெதிராகச் செல்கிறது. மறுமுனையிலுள்ள கருவி இரண்டுக்கும் இடையேயுள்ள வேற்றுமையை மட்டும் எடுத்துக்கொள்வதால், இரைச்சல் கழிந்து குரல் எஞ்சுகிறது. இதுவே சமநிலைக் கம்பி எனப்படுவது.

வானொலி பிறந்தபோது இச்செல்வத்தைத் தொலைபேசியிடமிருந்தே பெற்றது. நம் நாட்டில் 1927இல் பம்பாயிலும் கல்கத்தாவிலும் ஒலிபரப்பு நிலையங்கள் தோன்றின. 1936இல் அகில இந்திய வானொலி என்னும் பெயர் வழங்கலாயிற்று. 1938இல் சென்னையிலும், 1939இல் திருச்சியிலும் அதன் நிலையங்கள் எழுந்தன. வெளியிடங்களில் நடைபெறும் கச்சேரிகளையும் விழாக்களையும் நிலையத்திற்குக் கொணரத் தொலைபேசிக் கம்பிகளே துணை நின்றன.

இரு கம்பிகளையும் சுற்றி உலோகப் பின்னல் உறையொன்று சேர்ந்ததும் இன்றைய ஒலிவாங்கிக் கேபிள் உருவாயிற்று. அதற்கேற்ற மூன்று ஊசி இணைப்பான எக்ஸ்எல்ஆர் 1950களில் பரவியது. 1966இல் நார்வே வானொலிக்காக ஜெர்மனியின் நாய்மன் நிறுவனம் செய்த ஒலிவாங்கிக்கு, அதே கேபிளின் வழியே 48 வோல்ட் மின்சாரமும் அனுப்பப்பட்டது. அந்நிலையத்தில் துணை விளக்குகளுக்கென அந்த மின்னழுத்தம் ஏற்கெனவே இருந்ததே 48 என்னும் எண்ணுக்குக் காரணம். இரு கம்பிகளிலும் அது சமமாகச் செல்வதால் தராசின் முள் அசையவில்லை. திரும்பும் வழியாக உறை உதவிற்று.

இவ்வரலாற்றிலிருந்து வீட்டில் பதிவு செய்யும் நாம் கற்க வேண்டியவை சில உண்டு. முதலாவது, சமநிலை ஒரு முனை முதல் மறுமுனை வரை குலையாதிருத்தல் வேண்டும். நீட்ட விரும்பினால், இருபுறமும் எக்ஸ்எல்ஆர் இணைப்புள்ள மற்றொரு கேபிளைக் கோத்து நீட்டுவதே முறை. இடையில் மின்விளக்கு வயரையோ ஒலிபெருக்கி வயரையோ சேர்த்தால் முறுக்கும் உறையும் அவ்விடத்தில் அற்றுப்போகும். இரைச்சலுக்கு அதுவே வாயில்.

இரண்டாவது, ஒலிவாங்கியின் மின்தடை. கேபிளுக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிகோஃபாரட் மின்தேக்குதிறன் உண்டு எனக் கொள்வோம். 50,000 ஓம் உள்ள பழைய வகை ஒலிவாங்கிக்கு 10 மீட்டர் கேபிள் இட்டால், 3,200 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகள் தேயத் தொடங்கும். சகரத்தின் கூர்மை மழுங்கும். 200 ஓம் உள்ளதற்கோ 100 மீட்டர் இட்டாலும் 80,000 ஹெர்ட்ஸ் வரை தீங்கில்லை. மனிதச் செவி கேட்பதோ 20,000 வரைதான். ஆகவே வீட்டளவில் நீளத்திற்கு அஞ்ச வேண்டுவதில்லை. கணினியோடு இணைக்கும் யுஎஸ்பி கம்பிக்கு 5 மீட்டரே வரம்பாதலால், அதனை நீட்டாது ஒலிவாங்கிப் பக்கத்தையே நீட்டுக. கைப்பேசியிற் செருகும் சிறு ஒலிவாங்கிகளின் கம்பி சமநிலையற்றது. அதனைக் குறுகியதாகவே வைத்துக்கொள்ளுதல் நலம்.

மூன்றாவது, பேணும் முறை. மின்சார வயரோடு இணையாக ஓடவிடாது, குறுக்கிட நேர்ந்தால் செங்கோணத்தில் கடக்கச் செய்தல் வேண்டும். முழங்கையில் இறுக்கிச் சுற்றாது, இயல்பாக வளையுமாறு தளர்வாகச் சுருட்டி வைத்தால் உள்ளிருக்கும் முறுக்கு நெடுநாள் நிலைக்கும்.

குரலை அதன் தூய்மையோடு கொண்டு சேர்ப்பதற்காக முன்னோர் பட்ட பாடெல்லாம் இந்த எளிய கேபிளுக்குள் அடங்கியிருக்கிறது. மிகையான விலை அதற்கு வேண்டுவதில்லை, கவனமே வேண்டும். பெரியவர் ஒருவரை ஒலிவாங்கியின் முன் அமர்த்துமுன், கம்பியை ஒருமுறை சோதித்துக் கேட்டுவிடுவோம். அவர் பாடி முடித்தபின் வருந்துவதால் பயனில்லை.