சக்கர நாற்காலியும் தேகப்பயிற்சியும்

அவிசாவளையிலிருந்து அட்டனுக்கு ஏறும் பெருந்தெரு கித்துல்கலையைக் கடந்து கினிகத்தேனையை அணுகுகையில், மலைச்சரிவிலே வளைந்து வளைந்து செல்கின்றது. இருமருங்கும் தேயிலை, சரிவிலே லயங்கள், லயங்களுக்கு ஏறப் படிகள். நடப்போர்க்கே மூச்சு வாங்கும் இவ்விடத்தில், முதுகெலும்பு முறிந்து சக்கர நாற்காலியை அடைந்த ஒருவருக்கு வாசற்படியே உலகின் எல்லையாகிவிடுகிறது. அவருக்குத் தேகப்பயிற்சி வேண்டுமெனின் விலையுயர்ந்த இயந்திரங்களன்றோ வேண்டும் என்று பலர் எண்ணுவர். வரலாறு அவ்வாறு கூறவில்லை, நேயர்களே.

இரண்டாம் உலகப் போருக்கு முன்னர், முதுகுத்தண்டு சிதைந்தோருட் பெரும்பாலோர் படுக்கைப்புண்ணாலும் சிறுநீரக நோயாலும் விரைவில் மாண்டனர். அவர்களைப் படுக்கையிலேயே கிடத்தி வைத்தலே வழக்கமாயிருந்தது. ஜேர்மனியை விட்டு 1939இல் இங்கிலாந்து சேர்ந்த வைத்தியர் லுட்விக் குட்மன், 1944இல் ஸ்டோக் மண்டவில் வைத்தியசாலையில் இவ்வழக்கத்தை மாற்றினார். இரண்டு மணிக்கொருமுறை நோயாளரைப் புரட்டிப் படுக்கச் செய்தார்; பின்னர் எழுந்து உட்காரவும் உழைக்கவும் பழக்கினார். 1948 ஜூலை 29ஆம் நாள், இலண்டன் ஒலிம்பிக் விழா தொடங்கிய அன்றே, பதினாறு பேர் நாற்காலியில் அமர்ந்தவாறு அம்பெய்து போட்டியிட்டனர். அவர்கள் கையில் இருந்த கருவி யாது? வில்லும் அம்புமே. நாணை இழுக்குந்தோறும் தோளும் முதுகும் வலுப்பெற்றன. 1960இல் உரோமாபுரியில் நடந்த பெருவிளையாட்டுக்கு வித்து இதுவே.

தமிழ்நாட்டிலும் ஒரு சான்று உண்டு. 1954இல் கார் விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்த வைத்தியர் மேரி வர்கீஸ், நாற்காலியில் அமர்ந்தே அறுவைச் சிகிச்சை புரிந்தார். நியூயோர்க்கில் புனர்வாழ்வு மருத்துவம் பயின்று, வேலூரில் 1966இல் அதற்கென ஒரு நிலையம் எழக் காரணமானார்.

ஏழைக் கிராமங்களுக்கு வழிகாட்டியவர் டேவிட் வேர்னர். மெக்சிக்கோவின் அகோயா என்னும் மலைக்கிராமத்தில், உடல் ஊனமுற்றோரே தமக்கு வேண்டிய கருவிகளைச் செய்துகொண்டனர். அவ்வனுபவத்தை அவர் 1987இல் நூலாக்கினார்.

நம் மலைநாட்டிலும் இது கூடாததன்று. துவிச்சக்கர வண்டியின் பழைய டியூபை உறுதியான தூணிற் கட்டி இழுக்கலாம். நாற்காலியை உருட்டுவோருக்குத் தோளின் முன்தசைகளே மிக உழைக்கின்றன. பின்புறமாக இழுக்கும் பயிற்சி அதனைச் சமன் செய்யும். மணல் நிரப்பிய பை எடைக்கல்லாகும். இரு மரக்கட்டைகளை ஊன்றி உடலை உயர்த்தினால், கைகள் வலுப்பெறும். புண் உண்டாகும் இடத்தின் அழுத்தமும் குறையும். ஆனால் சக்கரத்துக்கு ஆப்பு இடாமல் இவற்றைத் தொடங்கலாகாது. உணர்ச்சியற்ற தோலில் டியூப் உரசவும் கூடாது.

மலிவான கருவி தாழ்ந்த கருவியன்று; பயன்படுத்துவோரைக் கேளாது செய்யப்பட்ட கருவியே தாழ்ந்தது. அதனை அமைக்கும் தச்சர், முதலில் நாற்காலியில் இருப்பவரின் கை எட்டும் தூரத்தை அளந்து கொள்வாராக. அந்த அளவிலிருந்தே அவரது விடுதலை தொடங்குகிறது.